டீ டைம் காலை 9 மணி

துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பன்னிரண்டு வருஷம் புல் வெட்டிவிட்டு வந்தவர் எங்கள் அத்தான். ஊர்ப் பொங்கல் விளையாட்டு விழாவில் இன்னமும் வடம் இழுப்பும் உறியடியும்தான் நடக்கிறது என்பது அவருக்குப் பெரிய மானக்கேடாகப் பட்டது. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன் கோல்ஃப் பார்க்க வேண்டுமென்றால் எல்லை தாண்டித் திருவனந்தபுரம் கவடியாருக்குப் போக வேண்டும். இனி வேண்டாம் என்று, குளச்சல் பக்கத்தில் இருக்கும் தன் தென்னந்தோப்பில் ஆறு குழி தோண்டினார். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது உலக விதியாம். பிளம்பரிடம் மிச்சம் கிடந்த நாலு இஞ்ச் பைப்பைத் துண்டு போட்டு இறக்கிவிட்டு, "ஒப்பேத்திரலாம்" என்றார்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "உனக்கு நல்ல சத்தம் உண்டு, கையில வாட்சும் உண்டு. நீதான் மக்கா ஸ்டார்ட்டர்."

பச்சைக் கொடி ஆட்டுகிற வேலை என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். ஆட்டக்காரன் வந்ததும் ஸ்கோர் கார்டு கொடுக்க வேண்டும். பையில் 14 மட்டைக்கு மேல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். (ஊர் முழுக்க எண்ணினாலும் எங்களிடம் இருந்தது ஐந்து.) பந்தில் அடையாளம் போடச் சொல்ல வேண்டும். தொலைந்த பந்தைத் தேட மூன்று நிமிஷம்தான் என்று ஞாபகப்படுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே நேரம். ஒன்பது மணி என்றால் ஒன்பது மணி. ஒரு செக்கண்டு பிந்தினாலும் அடிக் கணக்கில் இரண்டு அடி கூட்டித் தண்டம், ஐந்து நிமிஷம் ஆகிவிட்டால் ஆளே அவுட். முந்திக்கொண்டு அடித்தாலும் அதே இரண்டு அடி தண்டம். பத்தரை மணி முகூர்த்தத்துக்குப் பந்தியில் முகம் காட்டுகிற ஊரில் இதை அமல்படுத்தப் போகிறவன் நான்.

இதோடு ஒரு முன்மாதிரியையும் காட்டினார். பிரிட்டிஷ் ஓப்பன் என்கிற பெரிய கோல்ஃப் போட்டியில் ஐவர் ராப்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1975 முதல் 2015 வரை ஸ்டார்ட்டராக நின்றிருக்கிறார். காலையிலிருந்து சாயங்காலம் வரை 156 பேரை அனுப்பி முடிக்கும்வரை சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, ஒண்ணுக்குக்கூடப் போக மாட்டார். எந்த நாடு, என்ன பெயர், அவ்வளவுதான் அவர் வாயிலிருந்து வரும். "அப்படி நிக்கணும்" என்றார் அத்தான்.

காலையில் முதல் சிக்கல் போர்டில் இருந்தது. 'டீ டைம் காலை 9.00' என்று அத்தான் எழுதி வைத்திருந்தார். எட்டே முக்காலுக்கே நல்ல கூட்டம். நாலைந்து பேர் கையில் தம்ளர். பந்தை வைக்கிற குச்சிக்குத்தான் டீ என்று பெயர், டீ டைம் என்றால் ஆட்டம் தொடங்குகிற நேரம் என்று விளக்கியதும் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சாயா கிடையாது என்று தெரிந்த பிறகு விளையாட்டில் என்ன இருக்கிறது?

இரண்டாவது சிக்கல் பெயர். ரேஷன் கார்டில் இருக்கிறபடி, இனிஷியலோடு, ராப்சன் கணக்காகக் கணீரென்று மைக்கில் வாசித்தேன். யாரும் வரவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரன் என் முன்னால் நின்று ஏத்தங்காய் சிப்ஸ் தின்றபடி, "யாருலே அது, வெளியூரா?" என்று என்னிடமே கேட்டான். பிறந்ததிலிருந்து அவன் 'தொப்பி'. அவன் அம்மா கூட்டத்திலிருந்து கத்தியிராவிட்டால் ஐந்து நிமிஷம் ஓடியிருக்கும்.

இதெல்லாம் சில்லறை. 9.30 ஜோடிதான் என்னைக் கொன்றது. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் இரண்டு மாமாக்கள் சேர்ந்து விழுந்திருந்தார்கள். எல்லைக் கையாலையில் நிற்கும் ஓர் அயினி மரம் யாருக்கு என்று இரணியல் கோர்ட் வரை போய், பதினெட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். கோல்ஃபில் தன் அடியைத் தானே எழுதுவது கணக்கில்லை. கூட ஆடுகிறவன்தான் எழுத வேண்டும். ஆகவே கார்டுகளை மாற்றிக் கொடுப்பதும் ஸ்டார்ட்டர் வேலை.

பெரிய மாமா சரியாக வந்து நின்றார். சின்ன மாமா நாற்பது செக்கண்டு பிந்தி வந்தார்.

"ரெண்டு அடி தண்டம், மாமா."

"உன் கல்யாணத்துக்கு வாழைக்குலை கொண்டு வந்தவன்லே நான்!"

"அது ரூல்ல வராது, மாமா."

பெரிய மாமா சிரித்ததைப் பதினெட்டு வருஷத்தில் அன்றுதான் பார்த்தேன். பந்தை ஒருவருக்கொருவர் காட்டி அடையாளம் சொல்ல வேண்டும் என்றேன். இரண்டு பேரும் என்னிடம் காட்டினார்கள். நான் ஒன்றைப் பார்த்து இன்னொருவரிடம் சொன்னேன்.

மற்றவர்கள் கார்டில் ஆறா ஒன்பதா என்று தெரியாத கிறுக்கல்தான் இருந்தது. இவர்கள் கார்டு இரண்டும் அச்சடித்த மாதிரி. பந்தில் படாமல் காற்றில் வீசினாலும் ஓர் அடிதான் என்று சொல்லித் தொலைத்திருந்தேன், ஒன்றுவிடாமல் எண்ணியிருந்தார்கள். சருகுக்குள் பந்து மறைந்தபோது ஒருவர் தேட, மற்றவர் மூன்று நிமிஷத்தையும் வாய்விட்டு எண்ணினார். தோப்புக்கு வெளியே ரோடு வரை கேட்டது.

நான் ராப்சன் இல்லை என்பது பத்தேகாலுக்குத் தெரிந்தது. மைனி கொடுத்த கருப்பட்டிக் காப்பி இரண்டு தம்ளர், மேலே ஓர் இளநீர். ஆறாவது ஜோடியையும் அனுப்பியாகிவிட்டது. 10.30 ஜோடிதான் கடைசி, அதில் ஒருவன் நானே. கால் மணி நேரம் இருக்கிறதே என்று, போட்டி வாட்ச் இடத்தை விட்டு நகரக் கூடாது என்பதால் அதை மேஜையில் கழற்றி வைத்துவிட்டு அத்தான் வீட்டுக்கு ஓடினேன். உள்ளே யாரோ. தட்டினால் அத்தானின் மகன், "இப்ப வாறேன்" என்றான். அந்த 'இப்ப' எவ்வளவு நேரம் என்பதைப் பெற்றவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

திரும்பி ஓடி வந்தபோது மேஜையைச் சுற்றிக் கூட்டம். ஆட்டம் முடித்த மாமாக்கள் இருவரும் ஒரே வாட்ச் மேல் குனிந்து நின்றார்கள்.

"அஞ்சு நிமிசம் பன்னெண்டு செக்கண்டு" என்றார் சின்ன மாமா, தலையைத் தூக்காமல்.

பெரிய மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டு முள்ளை இன்னொரு தடவை பார்த்தார். "ஆமா" என்றார். அவரிடம்!

அத்தான் என் பெயரை அடித்தார்.