காசிமேட்டிலிருந்து புறப்பட்ட இரும்புக்கை

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி, ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடும் ஒரு பட்டறையில்தான் இந்தப் பயணம் தொடங்கியது. 2024 பிப்ரவரி 17, 18 ஆகிய இரண்டு நாட்களும் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் சித்திரக்கதை ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த நாயகர்களின் வேடமிட்டு வரும் விழாவான காமிக் கான் சென்னையில் முதல்முறையாக நடக்கப்போகிறது என்று தெரிந்த அன்றே, எட்டாம் வகுப்புப் படிக்கும் என் அக்காள் மகன், இரும்புக்கை மாயாவியாகத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டான். பட்டறை அவனுடைய அப்பாவுடையது. பழைய ரப்பர் கையுறை ஒன்றில் மணலை நிரப்பி, ரெசினில் தோய்த்த கண்ணாடியிழைத் துணியை அதன் மேல் அடுக்கடுக்காக ஒட்டி, இறுகியதும் மணலைக் கொட்டிவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, விரல் மூட்டுகளை ஆக்ஸா பிளேடால் கீறி, கடைசியாக அலுமினியப் பெயின்ட்டை இரண்டு பூச்சுப் பூசி, நான்கே நாட்களில் அவர் அந்தக் கையைச் செய்து முடித்தார்.

மாயாவியை அறியாதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். ஆய்வுக்கூட விபத்தொன்றில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட அந்த மனிதனின் உடலில் மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுவதும் மறைந்துபோகும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். 1962-இல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ இதழில் தொடங்கிய இந்தத் தொடருக்குப் படம் வரைந்தவர் ஜீசஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானிய ஓவியர். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியபோது அதன் முதல் இதழின் நாயகனும் மாயாவிதான். லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ ஆகிய காமிக்ஸ் நாயகர்களோடு சேர்த்து ‘மும்மூர்த்திகள்’ என்று வாசகர்கள் இன்றும் அவரைச் சொல்கிறார்கள். லண்டனில் பிறந்த கதைதான் என்றாலும், தண்டையார்பேட்டையில் வளர்ந்த எனக்கு மாயாவி தமிழில் பேசுகிறவராகவே அறிமுகமானார், இன்றுவரை அவரை வேறு மொழியில் கேட்க என் மனம் ஒப்பவில்லை.

என் அப்பா ஆலைத் தொழிலாளி. சம்பளம் வாங்கிய கையோடு சென்ட்ரலுக்கு அருகிலிருந்த மூர் மார்க்கெட்டுக்குப் போய்ப் பழைய இதழ்களை வாங்கி, மடித்து, சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு வருவார். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் தீயில் எரிந்தபோது அவர் வருந்தியது அங்கிருந்த புத்தகக் கடைகளை நினைத்துத்தான். அவர் சேர்த்துவைத்திருந்தவற்றில் பெரும்பகுதி பிற்பாடு ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரில் ஊறிக் கூழாகிவிட்டது. அந்த இழப்பு இன்னும் எனக்கு ஆறவில்லை.

சனிக்கிழமை காலை புது வண்ணாரப்பேட்டை நிலையத்தில் மெட்ரோ ஏறினோம். விம்கோ நகரிலிருந்து வரும் அந்த ரயிலில் உட்கார்ந்தால் வேறெங்கும் மாறாமல் ஆலந்தூரில் இறங்கலாம். 2021-இல் இந்த வழித்தடம் திருவொற்றியூர்ப் பக்கம் நீண்டதிலிருந்து, நகரின் அந்தக் கோடியில் நடக்கும் விழாவுக்குப் போவது வடசென்னைக்காரர்களுக்கு எளிதாகியிருக்கிறது. மருமகன் இரும்புக்கையைப் பையில் வைக்கச் சம்மதிக்கவில்லை. பாதுகாப்புச் சோதனைக்காக மட்டும் கழற்றிக் கொடுத்தவன், வண்டியில் ஏறியதும் அந்தக் கையாலேயே கம்பியைப் பிடிப்பதற்கு முயன்றான். பாதி மடங்கிய விரல்கள் கம்பிக்கு அளவெடுத்தாற்போலப் பொருந்தின.

ஆலந்தூரில் ஆட்டோ பிடித்து அரங்கத்தை அடைந்தோம். அங்கே கண்ட கூட்டம், விளக்குகள், ஜப்பானியக் கதாபாத்திரங்களின் வேடமிட்ட இளைஞர்கள், பொம்மைக் கடைகள் ஆகியவற்றைப் பற்றிப் பலரும் எழுதியிருப்பார்கள். என்னை நிறுத்திவைத்தவை ஓவியர்களின் மேசைகள். ஓர் இளம்பெண் பென்சில் கோட்டின் மேல் மைத்தூரிகையை ஒரே மூச்சில் இழுத்ததை அரை மணி நேரம் அருகில் நின்று பார்த்தேன். அச்சில் பார்த்தே பழகிய ஒரு கலை கண்ணெதிரே பிறப்பதைக் காண எனக்கு நாற்பத்தாறு வயது ஆக வேண்டியிருந்தது.

மருமகனோடு படமெடுத்துக்கொண்ட பலரும் “இது யாரு?” என்று கேட்டார்கள். அவனும் சளைக்காமல் கதையைச் சொன்னான். மாலை நான்கு மணி இருக்கும். வெள்ளைச் சட்டை அணிந்த பெரியவர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக வந்து, அந்த இரும்புக்கையை இரண்டு கைகளாலும் பற்றி, “கண்ணு, மாயாவி தானே நீ?” என்றார். அவர் குரல் தழுதழுத்தது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீடு வியாசர்பாடியில். பேச்சு முடிவதற்குள், “வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டு மொட்டை மாடிக்கு வாங்க தம்பி, இன்னும் நாலு பேரு வருவாங்க, புள்ளையையும் கூட்டிக்கினு வாங்க” என்று அழைத்துவிட்டார்.

நந்தம்பாக்கத்தில் கழித்த முழு நாளையும்விட அந்த மொட்டை மாடியில் கழிந்த மூன்று மணி நேரம் எனக்குப் பெரிது. தகரப்பெட்டி ஒன்றைத் திறந்தார். பாச்சை உருண்டையின் மணம் எழுந்தது. பழைய இதழ்களில் துருப்பிடித்த பின்களை நகவெட்டியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துவிட்டு, அதே துளைகளின் வழியே வெள்ளை நூலைக் கோத்துத் தைத்திருந்தார். பின்னை அப்படியே விட்டால் துரு தாளைத் தின்றுவிடும் என்று விளக்கி, என் மருமகனின் கையில் ஊசியைக் கொடுத்து ஓர் இதழைத் தைக்கவும் வைத்தார். வந்திருந்த மற்றொருவர், ஒரே மாயாவிக் கதையின் பழைய பதிப்பையும் மறுபதிப்பையும் பக்கம் பக்கமாக விரித்துவைத்தார். ஆளில்லாத அறையில் ஒரு கை மட்டும் கதவுக் குமிழைத் திருகும் கட்டம் அது. பழுப்பேறிய பழைய தாளில் கையைச் சுற்றி வெறும் கருமை அப்பியிருந்தது. வெள்ளைத் தாளில் அச்சான மறுபதிப்பிலோ, அதே கருமைக்குள் பிளாஸ்கோ இழுத்திருந்த மெல்லிய கோடுகளும், கதவிடுக்கில் கசியும் வெளிச்சமும் தனித்தனியே தெரிந்தன. சிறுவயதிலிருந்து எத்தனையோ முறை பார்த்த அந்தக் கட்டத்தில் வெளிச்சம் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

இதழ்களைக் கண்ணாடி உறையிலிட்டுப் பூட்டிவைப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்; எஞ்சியிருப்பவை அத்தனை குறைவு. ஆனால் நாங்கள் எல்லோரும் வாசகரானது, முடிதிருத்தகத்திலும் வாடகை நூலகத்திலும் கைமாறி வந்த இதழ்களால்தான். கொடுக்கும் கை நின்றுவிட்டால் வாசகர் வட்டம் எங்கள் வயதோடு முடிந்துபோகும் என்ற கவலை எனக்கு உண்டு.

பெரியவருக்கும் அந்தக் கவலை இருந்திருக்க வேண்டும். புறப்படும்போது நீளக் கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துவந்து, மருமகன் தைத்த இதழையே அவனிடம் நீட்டி, பெயர், முகவரி, இதழ் எண் ஆகியவற்றை அவனையே எழுதச் சொன்னார். திருப்பித் தர வேண்டிய நாள் என்ற பத்தியில் மட்டும் அவர் தம் கையால் மார்ச் 10 என்று குறித்தார். கையெழுத்துப் போடுவதற்காக மருமகன் இரும்புக்கையைக் கழற்றி மாடிச் சுவரின் மேல் வைத்தான்.