ஒரே தவறுக்கு இரண்டு தடவை மார்க் வெட்டலாமா?

தென்னாப்பிரிக்காவில் கிரேடு 10 மாணவன் ஒருவனின் ஈ.ஜி.டி. (பொறியியல் வரைகலையும் வடிவமைப்பும்) தாளை எடுத்துக்கொள்வோம். இரும்புத் தாங்கி ஒன்றின் முன்தோற்றமும் மேல்தோற்றமும் வரைய வேண்டும். அடித்தட்டின் நீளம் 80 மி.மீ. அவன் 60 என்று அளந்துவிட்டான். முன்தோற்றத்திலிருந்து கோடுகளை ஒழுங்காக இறக்கி மேல்தோற்றத்தையும் வரைந்திருக்கிறான், அதனால் அதுவும் 60 ஆகவே வந்திருக்கிறது. திருத்துபவர் முன்தோற்றத்தில் ஒன்று வெட்டுகிறார், மேல்தோற்றத்தில் ஒன்று, எழுதிய அளவெண்ணுக்கு இன்னொன்று. தவறு ஒன்று, போனது மூன்று.

இது அநியாயம். மேல்தோற்றத்தில் நாம் சோதிப்பது, ஒரு தோற்றத்திலிருந்து இன்னொன்றைச் சரியாக இறக்கத் தெரிகிறதா என்பதை. அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தவறு பிறந்த இடத்தில் ஒரு முறை வெட்டுங்கள். அதற்குப் பிறகு வருவதையெல்லாம் மாதிரி விடையோடு ஒப்பிடாமல், அவனுடைய சொந்த முன்தோற்றத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்தோற்றம் 60 ஆகவும் மேல்தோற்றம் 80 ஆகவும் இருந்தால் கதை வேறு. இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை, ஆகவே அது தனித் தவறு, அங்கே வெட்டலாம்.

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இருக்கும் பெற்றோருக்காக ஒரு வார்த்தை. ஈ.ஜி.டி. என்பது கிரேடு 10 முதல் 12 வரை உள்ள பாடம். மொத்த மார்க்கில் ஆண்டு முழுவதும் பள்ளியில் நடக்கும் பணிகளுக்கு 25 சதவீதம், பேட் எனப்படும் செய்முறைத் திட்டத்துக்கு 25, கடைசித் தேர்வுக்கு 50. அதாவது பாதி மார்க் வகுப்பறையில்தான் உருவாகிறது. அதனால்தான் அங்கே எப்படித் திருத்துகிறார்கள் என்பது இவ்வளவு முக்கியம்.

இடம் மாறிய தோற்றங்களுக்கும் இதே விதிதான். முதல் கோண முறையில் மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும், மூன்றாம் கோண முறையில் மேலே வரும். முறையை மாற்றி வைத்துவிட்ட மாணவனுக்கு எல்லாத் தோற்றங்களிலும் வெட்டாதீர்கள். இட அமைப்புக்கென்று இரண்டு அல்லது மூன்று மார்க்கை முன்கூட்டியே ஒதுக்கி, அதை மட்டும் எடுங்கள்.

வீட்டில் பெற்றோர் நல்ல எண்ணத்தோடு செய்யும் ஒரு காரியம் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே மார்க்கைத் தின்கிறது: "தாள் அழுக்காயிருக்கிறது, அழி" என்று சொல்வது. ஐசோமெட்ரிக் (பொருளைச் சாய்வாக முப்பரிமாணத்தில் காட்டும் படம்) வட்டம், சுருள்கோடு, பெர்ஸ்பெக்டிவ் எல்லாவற்றிலும் அமைப்புக் கோடுகள், அதாவது வரையத் துணையாக மெல்லிதாகப் போடும் கோடுகள், தாளில் இருந்தே ஆக வேண்டும், அவற்றுக்குத் தனி மார்க் உண்டு. 40 மி.மீ. விட்டமுள்ள துளையை ஐசோமெட்ரிக்கில் நான்கு மையப் புள்ளி முறையில் வரைந்தால், 40 பக்கமுள்ள சாய்சதுரமும், விரிகோண முனைகளிலிருந்து எதிர்ப் பக்கங்களின் நடுப்புள்ளிக்குப் போகும் கோடுகளும் தெரிய வேண்டும். பெரிய வில்களின் மையம் அந்த விரிகோண முனைகளே. அந்தக் கோடுகள் வெட்டும் இடங்கள் சிறிய வில்களின் மையம். எல்லாவற்றையும் அழித்துவிட்டால், முறைப்படி வரைந்தானா, கண்ணளவில் போட்டானா என்று திருத்துபவருக்கு எப்படித் தெரியும்? அமைப்புக் கோட்டுக்கு 2எச், வெளிக்கோட்டுக்கு எச் அல்லது எச்பி பென்சில் என்று பிரித்துக்கொண்டாலே தாள் சுத்தமாகத் தெரியும். ஜனவரி, பிப்ரவரியில் டர்பன் புழுக்கத்தில் கை வியர்த்துக் கரி இழுபடும். உள்ளங்கைக்கு அடியில் ஒரு வெற்றுத் தாளை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அழிக்கும் வேலையே குறையும்.

திருத்தும்போது விடையைக் கண்ணாடித் தாளில் அச்சடித்து மாணவன் வரைந்ததன் மேல் வைத்துப் பார்ப்பது வேகமான வழி. ஆனால் அச்சுப்பொறி "பக்கத்துக்குள் பொருத்து" என்ற அமைப்பில் இருந்தால் படம் சில சதவீதம் சுருங்கிவிடும், சரியாக வரைந்த பிள்ளைக்குத் தவறு விழும். 100 மி.மீ. கோடு ஒன்றை ஓரத்தில் போட்டு, அச்சடித்ததும் அளவுகோலால் அளந்து பார்த்த பிறகே திருத்த உட்காருங்கள். கூடக்குறைய ஒரு மி.மீ. வரை விட்டுக்கொடுக்கலாம்.

தவறுகளிலும் தராதரம் உண்டு. கைநடுக்கத்தில் கோடு கொஞ்சம் தாண்டுவது ஒன்று, விஷயம் புரியாமல் செய்வது வேறு. பொருளை வெட்டிப் பார்ப்பதுபோல் வரையும் வெட்டுத்தோற்றத்தில், வெட்டுத்தளம் விலாத்தகட்டின் (வலுவுக்காக வைக்கும் மெல்லிய தகடு) நீளவாக்கில் போனால் அந்தத் தகட்டுக்கு ஹேச்சிங், அதாவது வெட்டுப்பட்ட இடத்தைக் காட்டும் சாய்கோடுகள், கிடையாது. போல்ட், நட், தண்டு ஆகியவற்றுக்கும் கிடையாது. இவற்றில் கோடு போட்டிருந்தால் அது புரியாமை, மார்க் போகட்டும்.

வீட்டுத் தளவரைபடம் இன்னும் நல்ல உதாரணம். உட்புறம் 3000க்கு 3600 மி.மீ. உள்ள அறைக்கு 220 மி.மீ. வெளிச்சுவர் எழுப்பினால் வெளி அளவு 3440க்கு 4040. பலர் ஒரு பக்கச் சுவரை மட்டும் கூட்டி 3220 என்று எழுதுவார்கள். 1:50 அளவில் அந்தச் சுவர் 4.4 மி.மீ., 1:100 என்றால் 2.2. ஜன்னலுக்கும் கணக்கு இருக்கிறது. சான்ஸ் 10400 எனும் தென்னாப்பிரிக்கக் கட்டட விதிப்படி வெளிச்சத்துக்கான திறப்பு, தரைப் பரப்பில் 10 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இந்த அறை 10.8 சதுர மீட்டர், ஆகவே 1.08 சதுர மீட்டர் வேண்டும். 1200க்கு 900 ஜன்னல் சரியாக அந்த எல்லையில் நிற்கிறது. இதைக் கணக்குப் போட்டு எழுதிய மாணவனுக்குக் கோடு சற்றுத் தடித்திருந்தாலும் வடிவமைப்பு மார்க்கைக் குறைக்காதீர்கள்.

பேட் திட்டத்தை முடிவில் மொத்தமாக வாங்கித் திருத்துவதுதான் பெரிய ஆபத்து. ஆய்வு, கையால் போட்ட யோசனைப் படங்கள், கருவி வரைபடம், கேட் (கணினியில் வரையும்) வரைபடம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் பக்கத்துக்குப் பக்கம் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். முந்திய கட்டம் கையெழுத்தாகாமல் அடுத்தது கிடையாது. வெளியில் செய்துவாங்கிய கேட் கோப்பு என்று சந்தேகம் வந்தால் விசாரணை வேண்டாம். உங்கள் முன்னால் உட்கார வைத்து ஒரே ஒரு அளவை மாற்றச் சொல்லுங்கள், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மின்வெட்டில் செய்த வேலை அழிந்துவிட்டது என்ற குறையைத் தவிர்க்க, ஆட்டோகேட் வரைபட மென்பொருளின் தானியங்கிச் சேமிப்பு இடைவெளியை 10 நிமிடத்திலிருந்து 5 ஆகக் குறைத்து, ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் ஃபிளாஷில் நகல் எடுக்க வையுங்கள்.

கடைசியாகத் தாமதமும் பூஜ்யமும். 70, 65, 72 வாங்கிய பிள்ளை நான்காவது பணியைத் தராததால் பூஜ்யம் போட்டால் சராசரி 69லிருந்து 51.75க்கு இறங்கும். மதிப்பெண் தரவரிசையில் ஐந்தாம் நிலையிலிருந்து நான்காம் நிலைக்கு ஒரே தாவல். அவளுக்கு வரையத் தெரியும் அளவு ஒன்றும் குறைந்துவிடவில்லை. தாமதத்தைத் தனியாகக் குறித்து வையுங்கள், பெற்றோரிடம் பேசுங்கள், வகுப்பு முடிந்ததும் உட்கார வைத்து வரைய வையுங்கள். வரைந்த கோட்டின் மார்க்கில் கை வைக்காதீர்கள். தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதமிருக்கும் பிள்ளைகள் முதல் தவணையில் இருப்பார்கள். அந்த வாரத்தில் கெடு வைக்காமல், ஜனவரியிலேயே ஆண்டுக்கான பணித் தேதிகளை அச்சடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.