தோடி காந்தாரம் கியூபேஸுக்குப் போன கதை

கணினியில் இசையைப் பதிந்து தொகுக்க என்னிடம் இருக்கும் மென்பொருள் ஸ்டுடியோ ஒன். சித்தி மகனிடம் கியூபேஸ் 14. கடைசியில் மிக்ஸிங் பார்க்கப்போகும் நண்பர் லாஜிக் புரோவை விட்டு நகரமாட்டார். தோடி ராகத்தில் ஒரு சிறிய இசைத் துண்டை மூவரும் சேர்ந்து முடிப்பதாகத் திட்டம்.

முதலில் சித்தி மகனுக்கு டாபிராஜெக்ட் (DAWproject) என்ற கோப்பு வடிவத்தில் அனுப்பிப் பார்த்தேன். பிட்விக், பிரிசோனஸ் ஆகிய இரு நிறுவனங்கள் சேர்ந்து 2023இல் வெளியிட்ட திறந்த வடிவம் இது. கியூபேஸ் 14இலும் இதற்கு இடம் உண்டு. உண்மையில் அது ஒரு ஜிப் கோப்புதான். பிரித்துப் பார்த்தால் உள்ளே எக்ஸ்எம்எல் என்ற உரைக் கோப்பு ஒன்று, ஒலிப்பதிவுகள், பிளக்-இன் எனும் துணை மென்பொருள்களின் அமைப்புகள். ஒளிவுமறைவற்ற இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்துவிட்டது. டிராக் பெயர்கள், ஒலியளவு, வெட்டி ஒட்டிய இடங்கள் எல்லாம் அவனிடம் ஒழுங்காக வந்து சேர்ந்தன. இருவரிடமும் உள்ள விஎஸ்டி3 வகைப் பிளக்-இன்கள் நான் திருகி வைத்த நிலையிலேயே திறந்தன. ஸ்டுடியோ ஒன்னுக்குள்ளேயே வரும் எஃபெக்ட்கள் போகவில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

சிக்கல் வீணையில் வந்தது. நான் வாசித்த சாம்ப்ளர், அதாவது பதிந்த வீணை ஒலிகளை வைத்து ஒலிக்கும் மென்பொருள் கருவி, அவனிடம் இல்லை. ஆகவே வீணையை மட்டும் தனி மிடி கோப்பாக அனுப்பினேன். அதில் ஒலி இருக்காது, எந்தச் சுரத்தை எப்போது வாசிப்பது என்ற குறிப்புகள் மட்டுமே இருக்கும். அவன் வேறொரு சாம்ப்ளரில் ஏற்றிக் கேட்டுவிட்டு, "அண்ணா, இது தோடிதானா?" என்றான்.

கேட்டதில் நியாயம் இருந்தது. தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே, ஏறத்தாழ நான்கு அரைச்சுர அகலத்தில் அசைய வேண்டியது. அவனிடம் அது ஒரு அரைச்சுரம்கூட அசையவில்லை. சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் என்பது மிடியில் 0 முதல் 16383 வரையிலான வெறும் எண். நடு நிலை 8192. உச்சிக்குப் போனால் எத்தனை சுரம் ஏற வேண்டும் என்பதை ஒலிக்கும் கருவிதான் முடிவு செய்கிறது. என் சாம்ப்ளரில் மேலும் கீழும் 12 அரைச்சுரம் என்று வைத்திருந்தேன். அவனுடையதில் வழக்கமான 2. கமகம், அதாவது சுரத்தின் அசைவு, ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. பியானோ வாசிப்பவர்கள் இதைக் கவனிக்காமலே காலம் தள்ளலாம். நம் சங்கீதத்தில் ராகமே போய்விடும்.

இந்த அகலத்தையும் கோப்பிலேயே எழுதி அனுப்ப வழி உண்டு. தொடக்கத்தில் கன்ட்ரோலர் எனப்படும் மிடி கட்டளை எண்களில் 101க்கு 0, 100க்கு 0, அடுத்து 6க்கு 12 என்று மூன்று கட்டளைகளைச் செருக வேண்டும். செருகினேன். அவன் சாம்ப்ளர் கண்டுகொள்ளவில்லை. வேறொரு சின்தசைசரில் சரியாக வேலை செய்தது. கடைசியில் அவனே சாம்ப்ளரில் கையால் 12 என்று மாற்ற, காந்தாரம் உயிர் பெற்றது. இப்போதெல்லாம் டிராக் பெயரிலேயே 'வீணை பெண்ட் 12' என்று எழுதிவிடுகிறேன். நாகரிகமான தீர்வு இல்லைதான், ஆனால் எந்த மென்பொருளும் அதை அழிப்பதில்லை.

இன்னொன்று, இடது வலது ஸ்பீக்கர்களுக்கு நடுவில் வைத்த மோனோ (ஒற்றைத் தட ஒலி) டிராக்குகள் அவனிடம் சற்று வேறு ஒலியளவில் கேட்டன. நடுவில் வைக்கும் ஒலியை எவ்வளவு குறைப்பது என்பதுதான் பான் விதி. கியூபேஸின் புராஜெக்ட் அமைப்பில் அதை 0, -3, -4.5, -6 டெசிபல் என்று மாற்றலாம். ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்டுப் பொருத்தினோம்.

லாஜிக் நண்பருக்கு வேவ் கோப்புகள்தான். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், எல்லா டிராக்கும் இசையின் தொடக்கத்திலிருந்தே தொடங்கும்படி. பாதியில் நுழையும் மிருதங்கத்துக்கு முன்னாலும் வெறும் மௌனம் பதிவாகிறது. மோனோவில் நிமிடத்துக்கு 8.6 எம்பி வீண்தான். ஆனால் அவர் எங்கும் அளந்து பொருத்த வேண்டியதில்லை. வீணையின் பெண்ட் இதில் ஒலியாகவே உறைந்துவிடுவதால் கமகத்தைப் பற்றிய கவலையும் இல்லை. தாளக்கணக்குக்காக டெம்போ (வேகம்) குறித்த மிடி கோப்பு ஒன்றையும் சேர்த்தேன்.

வீணையை எதிரொலியோடு ஒன்று, எதிரொலி இல்லாமல் ஒன்று என இரண்டு விதமாக அனுப்பியிருக்கிறேன். அவர் இரண்டாவதைத்தான் எடுப்பார் என்று நினைக்கிறேன்.