ஆவரசம்பூவும் உசம்பராப் பாறையும்

ஏ.எல். (உயர்தர) செய்முறை வகுப்பில் ஆவரசம்பூவை வெட்டி வரையச் சொன்னார் எங்கள் தாவரவியல் சேர். நான் தம்பத்தை, அதுதான் சூலகத்திலிருந்து நீளும் மெல்லிய தண்டை, நேராக வரைந்து கொடுத்தேன். கொப்பியைத் திருப்பித் தந்தார். "பூவில அது நேராகவா நிக்குது?" இல்லைத்தான், ஒரு பக்கம் வளைந்திருந்தது. கை பழக்கத்தில் நிமிர்த்திவிட்டது.

லண்டனுக்கு வந்தபிறகு ஜன்னலோரத்தில் ஆபிரிக்கன் வயலட் வளர்க்கும் ஆசை. ஒன்றை வெயிலில் கருக்கினேன், இன்னொன்றைத் தண்ணீர் ஊற்றியே அழுகவைத்தேன். வயலட் என்று பெயர்தான், அந்தக் குடும்பமே இல்லை.

போன வருடம் தன்சானியாவில், டாங்கா நகருக்குப் பின்னால் எழும் கிழக்கு உசம்பரா மலையில் அதன் காட்டு இனத்தைக் கண்டேன். ஜேர்மன்காரர் 1902இல் தாவர ஆய்வு நிலையம் அமைத்த அமானிக்குப் பக்கம், ஓடைக்கரையில் செங்குத்தான பாறை. மேலே மரங்கள் கூரை போட்டிருந்தன. பாசிக்குள் விரல் ஆழம்கூட இல்லாத மண்ணில் மயிர் படர்ந்த இலைகள், ஊதாப் பூக்கள். ஈரம் எப்போதும் உண்டு, ஆனால் ஒரு சொட்டும் தேங்காமல் வழிந்துவிடுகிறது. வெளிச்சம் உண்டு, வெயில் இல்லை. என்னுடைய இரண்டு கொலைகளுக்கும் காரணம் அங்கேயே விளங்கிற்று.

டாங்காவில் அதிகாரியாக இருந்த வால்டர் வொன் செயின்ட் போல் 1892இல் இதைக் கண்டு ஜேர்மனியிலிருந்த தகப்பனுக்கு அனுப்பினார். அடுத்த வருடமே ஹனோவரில் தாவரவியலாளர் வெண்ட்லாண்ட் அந்தக் குடும்பப் பெயரிலேயே சென்போலியா என்று பெயர் வைத்தார். உலகம் முழுக்கக் கடைகளில் விற்கும் செடி, சொந்த ஊரில் பாறை பாறையாக ஒதுங்கிக் கிடக்கிறது. பயிருக்கும் விறகுக்கும் மேலே மரத்தை வெட்டினால் பாறை காயும், செடியும் போகும். கென்யாவின் தைத்தா மலை இனத்துக்கு ம்போலோலோக் காட்டை விட்டால் வேறு இடமே இல்லை.

பூவைக் கிட்டப் பார்த்தேன். மஞ்சள் மகரந்தக்கூடுகள், தேன் இல்லை. தேனீ பறக்கும் தசைகளை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கவேண்டும், ஆவரசுக்கும் அப்படித்தான். தம்பம் இடப்பக்கம் வளைந்திருந்தது. படம் எடுத்துச் சேருக்கு அனுப்பினேன். இப்போது அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. பதில் ஒரே வரி: "வலப்பக்கம் வளைஞ்சதும் இருக்குமே, பார்த்தனியா?"

போனில் மற்றப் படங்களைப் பெருப்பித்துப் பார்த்தேன். அதே செடியில், இரண்டு பூ தள்ளி, இருந்தது.