மெரிக் பார்க் சிலையும் டீக்கன் சேப்பினும்

அக்டோபர் 26, 2024, சனி

இன்னிக்கு பாப்பாவ லைப்ரரிக்கு கூட்டிட்டுப் போனப்ப அவ மெரிக் பார்க் சிலை முன்னாடி நின்னுட்டு நகரவே மாட்டேன்னுட்டா. நாங்க அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல இருக்கற இந்த ஸ்பிரிங்ஃபீல்டுக்கு குடி வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, எத்தனையோ தடவ அந்தப் பக்கம் போயிருக்கேன், ஆனா இன்னிக்குதான் நின்னு பாத்தேன். உயரமான கூம்புத் தொப்பி, காத்துல பறக்குற பெரிய அங்கி, ஒரு கையில முண்டும் முடிச்சுமா ஒரு தடி, இன்னொரு கை இடுக்குல தடிமனா ஒரு பைபிள், ஒரு காலத் தூக்கி அடுத்த அடி வைக்கப் போற மாதிரி வெண்கலத்துல வார்த்திருக்காங்க. "அப்பா, இந்தத் தாத்தா யார அடிக்கப் போறாரு?"ன்னு கேட்டா. எனக்கு பதில் தெரியல.

பேரு "தி பியூரிட்டன்". பியூரிட்டன்னா 17ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல இருந்து இங்க வந்து குடியேறுன, மத விஷயத்துல ரொம்ப கண்டிப்பான கிறிஸ்தவங்க. யாருக்காக வச்சதுன்னா டீக்கன் சாமுவேல் சேப்பின், இந்த ஊர ஆரம்பத்துல கட்டி நடத்துனவங்கள்ல ஒருத்தர். டீக்கன்னா சர்ச்சுல பாதிரியாருக்கு அடுத்து நின்னு சபைக் காரியங்கள பாத்துக்கறவரு. அவர பத்தி தெரிஞ்சிக்காம விடப் போறதில்ல.

அக்டோபர் 28, திங்கள்

ராத்திரி உக்காந்து படிச்சேன். முதல்ல தெரிஞ்சதே மனச என்னவோ பண்ணிருச்சு. அந்த முகம் அவரோடது இல்ல! சேப்பினுக்கு படம் எதுவுமே கிடையாது. சிலை செஞ்சது அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸ், பணம் கொடுத்தது சேப்பின் வம்சத்துல வந்த செஸ்டர் சேப்பின்னு ரயில்வேல பெரும்பணக்காரரான ஒருத்தரு, அந்த செஸ்டரோட முகத்தையே அடிப்படையா வச்சுதான் முப்பாட்டனோட தலைய செஞ்சிருக்காங்க. 1887 நவம்பர் 24, தேங்க்ஸ்கிவிங் அன்னிக்கு ஸ்டேர்ன்ஸ் ஸ்கொயர்ல திறந்து வச்சு அப்புறம் 1899ல இப்ப இருக்கற இடத்துக்கு மாத்துனாங்க. ஆளு செத்து 212 வருஷம் கழிச்சு வந்த சிலை. அந்தக் கோவம், அந்த வேகம், அந்தத் தடி எல்லாமே 19ஆம் நூற்றாண்டுக்காரங்க தங்களோட பெரியவங்க இப்படித்தான் இருந்திருக்கணும்னு நெனச்சது.

அப்ப நெஜமான ஆளு எங்க இருக்காரு? ஊர்க் கணக்கு, தீர்மானம், கோர்ட் பதிவு இந்த மாதிரி காகிதங்கள்லதான் இருக்காரு. அங்கதான் போய் தேடணும்.

அக்டோபர் 31, வியாழன்

சேப்பின் வர்றதுக்கு முன்னாடி ஊரு எப்படி ஆரம்பிச்சதுன்னு இன்னிக்கு பாத்தேன். ஸ்தாபகர் வில்லியம் பின்ச்சன். 1630ல மாசசூசெட்ஸ் குடியேற்றத்துக்கு தலைவரா வந்த ஜான் வின்த்ராப் கூட்டத்தோட கப்பல்ல வந்தவரு, பாஸ்டன் பக்கத்துல ராக்ஸ்பரிய உருவாக்குனாரு, பீவர்ங்கற (ஆத்துல வாழற, அடர்த்தியான முடி இருக்கற ஒரு விலங்கு) தோல் வியாபாரி. தோல் எங்க கிடைக்குதோ அங்கதான போகணும், அதனால 1636ல கனெக்டிகட் ஆத்தோரமா அகவாம்ங்கற இடத்துக்கு வந்தாரு, அதுதான் பின்னாடி ஸ்பிரிங்ஃபீல்ட் ஆச்சு. அந்த மே மாசம் எட்டு பேர் கையெழுத்துப் போட்டு ஒரு ஒப்பந்தம் எழுதுனாங்க, அதுல ஊருக்கு 40 குடும்பம், எப்படிப் போனாலும் 50ஐ தாண்டக் கூடாது, பணக்காரன் ஏழை எல்லாம் சேத்துன்னு இருக்கு. முதல் ஷரத்தே நல்ல பாதிரியார் ஒருத்தர சீக்கிரம் கொண்டு வரணும்னுதான்.

ஆனா நான் ரொம்ப நேரம் நின்னது 1636 ஜூலை 15 தேதி போட்ட நிலப் பத்திரத்துல. அகவாம் பூர்வகுடி மக்கள்கிட்ட இருந்து ஆத்தோட ரெண்டு கரையிலயும் நிலம் வாங்குனதுக்கு விலை: 18 ஃபேதம் (ஒரு ஃபேதம்னா ஆறு அடி நீளம்) வாம்பம் (சிப்பில செஞ்ச மணிய கோத்த சரம், அதுதான் அங்க காசு மாதிரி), 18 கோட்டு, 18 கைக்கோடாலி, 18 மண்வெட்டி, 18 கத்தி. அவ்ளோதான். அதே பத்திரத்துல அவங்க தங்களுக்குன்னு விட்டு வச்சுக்கிட்டது என்னன்னு பாத்தா மீன் பிடிக்கற உரிமை, மான் வேட்டை, நிலக்கடலை மாதிரி மண்ணுக்குள்ள விளையற ஒரு கிழங்கு, வால்நட், ஓக் மரத்துக் கொட்டை, ஏற்கனவே பயிர் வச்சிருந்த ஒரு நிலம். இங்கிலீஷ்காரங்க மாடு அவங்க சோளத்த மேஞ்சா நஷ்ட ஈடு தரணும், பன்னிங்கள ஓக் கொட்டை விழற சீசன்ல தவிர ஆத்தோட மேற்குக் கரையில அகவாம் பக்கம் விடக் கூடாது. ரெண்டு பொம்பளைங்களோட சம்மதமும் பேர் சொல்லி எழுதியிருக்கு. பன்னி எந்தக் கரையில மேயலாம்னு யோசிச்சு எழுதச் சொன்னவங்க தங்கள் வாழ்க்கை இதே இடத்துல அப்படியே தொடரும்னுதான் நம்பியிருப்பாங்க. இடத்தக் காலி பண்றோம்னு நெனச்சவங்க இப்படி எழுத மாட்டாங்க. இத படிச்சிட்டு எனக்கு தூக்கமே வரல.

நவம்பர் 3, ஞாயிறு

இன்னிக்கு இங்க வழக்கம்போல குளிர்காலத்துக்காக கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வச்சாச்சு, அஞ்சு மணிக்கே இருட்டிருச்சு, வீட்டுலயே இருந்தேன்.

இப்ப சேப்பின். இங்கிலாந்துல டெவன் மாவட்டத்துல பெய்ன்டன்ங்கற கடலோர ஊரு, 1598 அக்டோபர்ல ஞானஸ்நானம், 1624ல சிசிலி பென்னியோட கல்யாணம். முதல்ல ராக்ஸ்பரி, அப்புறம் 1640கள் ஆரம்பத்துல குடும்பத்தோட ஸ்பிரிங்ஃபீல்ட். வந்தப்பவே நாப்பத்தஞ்சு வயசு கிட்ட ஆகுது. அந்த வயசுல கைக்கோடாலியோட காட்டுக்குள்ள வீடு கட்டறதுன்னா சும்மாவா?

இப்ப நாம மெயின் ஸ்ட்ரீட்னு சொல்றதுதான் அப்ப ஊரோட ஒரே தெரு. ஒவ்வொரு வீட்டுக்கும் தெருவுல இருந்து ஆறு வரைக்கும் நீளமா ஒரு பட்டை நிலம், தெருவுக்கு எதிர்ப்பக்கம் சதுப்பா புல்லுத்தரை, அதுக்கு மேல மேட்டுல விறகுக்கு காடு. 1644ல ஊர் காரியத்த பாக்க முதல் தடவையா அஞ்சு பேர தேர்ந்தெடுத்தாங்க, செலக்ட்மென்னு பேரு. ஹென்றி ஸ்மித், தாமஸ் கூப்பர், சாமுவேல் சேப்பின், ரிச்சர்ட் சைக்ஸ், ஹென்றி பர்ட். இதுல தாமஸ் கூப்பர் பேர ஞாபகம் வச்சுக்கணும், பின்னாடி வருவாரு.

இவங்க வேலை என்னன்னா வேலி சரியா இருக்கா, பன்னி மூக்குல வளையம் போட்டிருக்கா, வாய்க்கால் யார் வெட்டறது, புது ஆளுக்கு நிலம் எங்க, இதுதான். பெருசா வீரமெல்லாம் எதுவும் இல்ல. ஆனா நாலு பக்கமும் காடு இருக்கற இடத்துல அம்பது குடும்பம் ஒருத்தர ஒருத்தர் அடிச்சுக்காம இருக்கணும்னா இந்த வேலைய யாராவது வருஷா வருஷம் செய்யத்தான் வேணும், சேப்பின் செஞ்சாரு.

1645ல சர்ச்சுக் கட்டடம் கட்டுனாங்க, அவங்க அத மீட்டிங் ஹவுஸ்னுதான் சொல்லுவாங்க. 40 அடி நீளம் 25 அடி அகலம், மேல ரெண்டு சின்ன கோபுரம், ஒண்ணு மணிக்கு, இன்னொண்ணு காவல் நிக்கறதுக்கு. கட்டுனது அதே தாமஸ் கூப்பர், கூலி 80 பவுண்டு.

நவம்பர் 6, புதன்

ஆபிஸ்ல வேலை அதிகம். ஒரே ஒரு விஷயம் மட்டும் எழுதி வச்சிடறேன். 1651ல இந்த ஊர்ல சூனியக் கேஸ் நடந்திருக்கு, இதே மாசசூசெட்ஸ்ல சேலம்ங்கற ஊர்ல 1692ல நடந்த பேர்போன சூனிய வழக்குகளுக்கு 41 வருஷம் முன்னாடியே. ஹியூ பார்சன்ஸ், மேரி பார்சன்ஸ்னு புருஷன் பொண்டாட்டி. பாதிரியார் ஜார்ஜ் மாக்சனோட பொண்ணுங்களுக்கு வலிப்பு வந்ததுக்கு இவங்கதான் காரணம்னு ஊரே சாட்சி சொல்லியிருக்கு. பாஸ்டனுக்கு அனுப்புனாங்க, மேரி தன் கொழந்தைய தானே கொன்னதா தீர்ப்பாச்சு, ஹியூவ ஜூரி குத்தவாளின்னு சொல்லியும் மேல இருந்தவங்க ஏத்துக்காம விட்டாங்க. சேப்பின் அப்போ ஊர்ப் பெரியவங்கள்ல ஒருத்தர். அந்த பயம் அவர் வீட்டு அடுப்படியிலயும்தான் இருந்திருக்கும். அவர எனக்குப் பிடிக்க ஆரம்பிச்சிருச்சுங்கறதுக்காக இத மறைக்கக் கூடாது.

நவம்பர் 9, சனி

எனக்கு சேப்பின் யாருன்னு புரிஞ்சது இன்னிக்குதான்.

வில்லியம் பின்ச்சன் 1650ல லண்டன்ல ஒரு புத்தகம் வெளியிட்டாரு, தலைப்பு "நம் மீட்பின் விலை"ன்னு அர்த்தம் வர்ற மாதிரி. ஏசு நம்ம பாவத்துக்காக நரக வேதனையையோ கடவுளோட கோவத்தையோ அனுபவிக்கல, பூரணமா கீழ்ப்படிஞ்சு நடந்தாரே அதுதான் நம்மள மீட்டுச்சுங்கறது அவர் வாதம். இப்ப படிச்சா இதுல என்னடா பிரச்சனைன்னு தோணும், ஆனா பாஸ்டன்காரங்களுக்கு அது அஸ்திவாரத்துலயே கைய வைக்கற மாதிரி. அக்டோபர்ல புத்தகம் வந்து சேர்ந்த உடனே ஜெனரல் கோர்ட் (அந்தக் குடியேற்றத்தோட சட்டசபை மாதிரி) அத கண்டிச்சு, பாஸ்டன் மார்க்கெட்ல, தண்டனை நிறைவேத்தற ஆள் கையாலயே எரிக்க சொல்லி உத்தரவு போட்டுச்சு. ஜான் நார்ட்டன்ங்கற பாதிரியார மறுப்பு எழுதச் சொன்னாங்க. அதுக்கு ஒத்துக்காத சில பிரதிநிதிகளும் இருந்தாங்க. பின்ச்சன கூப்பிட்டு விசாரிச்சாங்க, கொஞ்சம் இறங்கி வந்தாரு, அப்புறம் சொத்தெல்லாம் பையன் ஜான் பேருக்கு மாத்திட்டு 1652ல இங்கிலாந்துக்கே திரும்பிப் போயிட்டாரு. மருமகன் ஹென்றி ஸ்மித்தும் போயிட்டாரு. பாதிரியார் மாக்சனும் போயிட்டாரு.

யோசிச்சுப் பாருங்க, ஒரே வருஷத்துல ஊர உண்டாக்குனவரும் இல்ல, நீதி சொல்றவரும் இல்ல, ஞாயித்துக்கிழமை பிரசங்கம் பண்றவரும் இல்ல. ஊரு கலைஞ்சு போயிருக்கும், மத்தவங்களும் மூட்டைய கட்டியிருக்கலாம். அப்ப அதே 1652ல ஜான் பின்ச்சன், எலிசர் ஹோலியோக், சாமுவேல் சேப்பின்னு மூணு பேர சின்ன வழக்குகள விசாரிக்கற கமிஷனரா நியமிச்சாங்க. மத்த ரெண்டு பேரும் அவர விட ரொம்ப சின்னவங்க, சேப்பினுக்கு 54. நிரந்தர பாதிரியார் பெலட்டையா க்ளோவர் வர்ற வரைக்கும் சில வருஷம் ஆராதனைய நடத்துனவங்கள்ல இவரும் ஒருத்தர், அவரு ஒண்ணும் காலேஜ்ல இறையியல் படிச்சவரு கிடையாது, அந்த 40 அடி ஹால்ல, ஒவ்வொருத்தர் குடும்ப விஷயமும் தெரிஞ்ச ஜனங்க முன்னாடி நின்னு வேதம் வாசிச்சிருக்காரு. வாரத்துல ஒரு நாள் வேலித் தகராறுக்கு தீர்ப்பு சொன்ன அதே ஆளு. 1653ல ஆத்துக்கு மேல நோனோட்டக்ல, இப்ப நார்த்தாம்ப்டன், புது ஊருக்கு இடம் வகுக்கற கமிட்டிலயும் அதே மூணு பேர்.

கிளம்பிப் போனவர பத்தி நெறைய எழுதியிருக்காங்க, அது சரிதான், பின்ச்சன் பெரிய ஆளு. ஆனா இருந்து பாத்துக்கிட்டவரு இவருதான். சிலையில அவர வேகமா எங்கயோ நடந்து போற மாதிரி செஞ்சிருக்காங்க, என்னால அத ஏத்துக்க முடியல.

நவம்பர் 11, திங்கள்

இன்னிக்கு அவர் செத்த நாள், அவங்க பழைய காலண்டர்படி 1675 நவம்பர் 11. வயசு 77. அதுக்கு ஒரு மாசம் முன்னாடி நடந்தத எழுதியே ஆகணும்.

முப்பத்தொம்பது வருஷத்துல அந்தப் பத்திரம் என்ன ஆச்சுன்னா பீவர் கொறஞ்சு போச்சு, பூர்வகுடிங்க ஜான் பின்ச்சன் கடையில கடனுக்கு சாமான் வாங்கி, தோல் கொடுக்க முடியாம நிலத்த கொடுத்தாங்க. மீனும் மானும் ஓக் கொட்டையும் எங்களுக்குன்னு எழுதி வாங்குனவங்களோட பிள்ளைங்க கடைசில லாங் ஹில்ல ஒரு கோட்டைக்குள்ள வந்து நின்னாங்க. பூர்வகுடிங்களுக்கும் இங்கிலீஷ்காரங்களுக்கும் நடுவுல கிங் ஃபிலிப் போர் நடந்துட்டு இருக்கு. 1675 அக்டோபர் 5 காலைல, ஊர்ப் படை ஆத்துக்கு மேல இருக்கற ஹேட்லிங்கற ஊருக்கு போயிருந்த நேரம், தாமஸ் கூப்பரும் தாமஸ் மில்லரும் அந்தக் கோட்டைப் பக்கம் குதிரையில போனாங்க, இத்தன வருஷமா பழகுனவங்கதான, ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு கூப்பர் நம்பியிருக்கணும். சுட்டுட்டாங்க. மில்லர் அங்கயே விழுந்தாரு, கூப்பர் குண்டடி பட்ட உடம்போட குதிரைய ஓட்டிட்டு ஊருக்குள்ள வந்து எச்சரிக்கை கொடுத்துட்டு செத்தாரு. மீட்டிங் ஹவுஸ் கட்டுன அதே கூப்பர், முதல் அஞ்சு பேர்ல சேப்பினோட உக்காந்த அதே கூப்பர்.

முப்பது வீடு கிட்ட எரிஞ்சு போச்சு. ஜனங்க பின்ச்சனோட செங்கல் வீட்டுலயும் பலமான வேற வீடுகள்லயும் அடைஞ்சு கிடந்தாங்க. பாதிரியார் க்ளோவர் தன் புத்தகத்த எல்லாம் பத்திரமா இருக்கட்டும்னு கொஞ்ச நாள் வேற வீட்டுல வச்சிருந்துட்டு, அப்பதான் தன் வீட்டுக்கே திருப்பி எடுத்துட்டு வந்திருந்தாரு, எல்லாம் போச்சு.

தான் நட்ட மரம், இழுத்துக் கட்டுன வேலி, வகுத்துக் கொடுத்த நிலம், எல்லாம் கருகின வாடையோட அந்தக் கெழவன் கடைசி அஞ்சு வாரத்த கழிச்சிருக்காரு. எனக்கு அவருக்காகவும் மனசு கஷ்டமா இருக்கு, லாங் ஹில்ல இருந்து எல்லாத்தையும் விட்டுட்டுப் போனவங்களுக்காகவும் மனசு கஷ்டமா இருக்கு. ரெண்டையும் சேத்தேதான் சுமக்க வேண்டியிருக்கு.

நவம்பர் 17, ஞாயிறு

அவர் பையன் ஜாஃபெத் சேப்பின் தன் கணக்குப் புத்தகத்துல ஒரு குறிப்பு எழுதி வச்சிருக்காரு. 1676 மே 17 வாலண்டியரா போனேன், 19ந்தேதி விடியறதுக்கு முன்னாடி சண்டை, எதிரிக்கு பெரிய சேதம் பண்ணோம், 37 பேரையும் கேப்டன் டர்னரையும் இழந்தோம், 20ந்தேதி வீடு வந்து சேர்ந்தேன். மொத்தமே அவ்வளவுதான். அந்த "பெரிய சேதம்"ங்கறது ஆத்து அருவிப் பக்கம் தூங்கிட்டு இருந்த பூர்வகுடி முகாம், பொம்பளைங்க, கொழந்தைங்க, வயசானவங்கதான் அதுல நெறைய. வீட்டுக் கணக்கு எழுதற அதே புத்தகத்துல அதே கையெழுத்துல.

இன்னிக்கு பாப்பா மறுபடியும் சிலைகிட்ட போகணும்னா. இந்த தடவ அவ கீழ பாத்தா, காலடியில பைன் மரக் கிளைங்க செதுக்கியிருக்கு, அத கையால தொட்டுத் தொட்டுப் பாத்தா. தாத்தா யாரையும் அடிக்கப் போகலடா, பாதிரியார் இல்லாதப்ப இவரு சர்ச்சுல எல்லாருக்கும் படிச்சுக் காட்டுனாருன்னு சொன்னேன். மீதிய சொல்ல அவளுக்கு இன்னும் வயசு வரல.

"அவரோட பாட்டி எங்க?"ன்னு கேட்டா.

சிசிலி. பெய்ன்டன்ல இருந்து புருஷனோட கடல் தாண்டி வந்தவங்க, கடைசிப் பொண்ணு ஹானாவ 1644ல இந்த ஊர்ல பெத்தாங்க, ஊரு எரிஞ்சதப் பாத்து, ஒரு மாசத்துல புருஷன பொதச்சு, ஆறு மாசத்துல பையன் சண்டைக்குப் போய் திரும்பி வந்ததப் பாத்து, 1683 பிப்ரவரி வரைக்கும் இருந்திருக்காங்க. இவ்வளவுதான் இதுவரைக்கும் எனக்குக் கிடைச்சிருக்கு. நாளைக்கு மதியம் சாப்பாட்டு நேரத்துல லைப்ரரிக்குப் போய் அவங்களப் பத்தி கேக்கணும்.