பழைய மதிப்பு எங்கிருந்து வருகிறது?

இன்று திரையில் ஒருவர் பெயருக்குக் கீழே இன்னொருவருடைய முகவரி வந்து நின்றது.

பக்கத்தைப் புதுப்பித்தால் சரியாகிறது. மறுபடி புதுப்பித்தால் பழையபடி.

இந்தத் தளம் ஓடுவது மாட்_பெர்லில்; அப்பாச்சி வெப் சர்வருக்குள்ளேயே பெர்ல் நிரலை ஓட்டும் மாட்யூல் அது. அதில் ஸ்கிரிப்ட் ஒரு முறை கம்பைல் ஆனால், அந்த அப்பாச்சி பிராசஸ் இருக்கும்வரை நினைவகத்திலேயே இருக்கும். சர்வர் ஸ்கிரிப்டைத் தனி பிராசஸாக ஓட்டும் சாதாரண சிஜிஐ போல ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாகத் தொடங்காது. நிரல் முழுவதற்கும் பொதுவான குளோபல் மாறியில் முந்தைய கோரிக்கை விட்டுப்போன மதிப்பு அப்படியே கிடக்கும்.

பிராசஸ்களோ பல. எது பதில் சொல்கிறதோ, அதன் மிச்சம்தான் தெரியும்.

லாகில் ஒவ்வொரு வரியிலும் பிராசஸ் எண்ணையும் எழுத வைத்தேன். தவறான முகவரி வந்ததெல்லாம் ஒரே எண்ணிலிருந்து! அப்பாச்சியை ஒற்றை பிராசஸாக ஓடவிட்டதும் பிழை ஒளிந்துகொள்ளவில்லை.

'ரெஃப்ரெஷ் செய்தால் சரியாகிவிடும்' என்று புகாரை மூடிவிடுகிறோமே, அதுதான் எனக்குக் கவலை. அங்கே தெரிந்தது யாரோ ஒருவருடைய வீட்டு முகவரி.

மாறியை 'மை' (my) போட்டு, அதாவது அந்தப் பகுதிக்குள் மட்டும் செல்லும்படி, அறிவித்தால் போதும் என்பார்கள். சில இடங்களில் அது போதாது. மாட்_பெர்லில் ஸ்கிரிப்டை ஓட்டும் ரெஜிஸ்ட்ரி என்ற பகுதி, முழு ஸ்கிரிப்டையும் ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்துவிடுகிறது. உள்ளே பெயரிட்ட சப்ரூட்டீன், வெளி மாறியின் முதல் பிரதியையே பிடித்துக்கொள்ளும். மாறியை அந்த சப்ரூட்டீனுக்கு ஆர்கியுமென்டாக அனுப்பிவிடுங்கள். வார்னிங்கை அணைக்காதீர்கள், பெர்லே இதைச் சொல்லிவிடும்.