மழை பார்க்க வந்தவரின் வீட்டு முற்றம் எனக்கு எதற்கு?

கிளிநொச்சி வட்டக்கச்சியில் எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு மழைமானி நிற்கிறது. தினமும் காலை 8.30க்கு அதில் சேர்ந்த நீரை அளந்து என் சிறிய இணையத்தளத்தில் போடுவேன். பக்கத்திலேயே அடுத்த ஐந்து நாள் முன்னறிவிப்பும் இருக்கும். காலபோக அரிவுவெட்டு நேரம் கமக்காரர்கள் அதைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பார்கள். வீதியோரம் நெல்லைப் பரப்பிவிட்டு நிற்பவருக்கு ஒரு தூறல்கூடப் பெரிய சேதி.

போன மாசியில் பக்கத்து வயல் அண்ணை போனை நீட்டிக் கேட்டார். "தம்பி, உன்ர சைட் நான் எங்க நிக்கிறன் எண்டு கேக்குது. ஓம் எண்டு அமத்தவோ?"

"அமத்துங்கோ அண்ணை. அப்பதான் உங்கட இடத்து மழையைச் சொல்லும்."

"சரி. அதை எங்கயும் எழுதி வைக்கிறியோ?"

இல்லை என்றேன். நம்பித்தான் சொன்னேன். இரவு மனம் கேட்கவில்லை. தளம் இயங்கும் கணினியான சேர்வரில், யார் எப்போது வந்தார்கள் என்று தானாகக் குறித்து வைக்கும் லாக் கோப்பைத் திறந்தேன்.

வரிக்கு வரி இருந்தது. திகதி, நேரம், ஐபி முகவரி (இணையத்தில் அந்த இணைப்புக்குரிய இலக்கம்), அதற்குப் பின்னால் வந்தவரின் அகலாங்கும் நெட்டாங்கும். புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம். ஏறத்தாழ ஒரு மீற்றர் துல்லியம். நான் எழுதி வைக்கச் சொல்லவில்லை. ஆனால் இடத்தை இணைய முகவரியிலேயே சேர்த்து அனுப்பும்படி நிரல் எழுதியது நான்தான். கேட்கப்படும் முகவரியை அப்படியே குறித்து வைப்பது சேர்வரின் வழக்கம். ஒரே இடத்திலிருந்து இரவு 11.40, விடிய 4.30. பகலில் மூன்று கிலோமீற்றர் தள்ளி இன்னொரு வரி. அந்த வீட்டில் எப்போது ஆள் இல்லை என்று மூன்று வரியிலேயே தெரிந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் 'பதிவு' என்ற சொல்லுக்கே ஒரு பாரம் உண்டு. 2009இல் முகாமுக்குள் வரிசையில் நின்று எத்தனை தரம் பெயர் கொடுத்தோம் என்று அம்மாவுக்குக் கணக்கில்லை. இன்றைக்கும் யார் படிவம் நீட்டினாலும் ஏன், எதற்கு என்று கேட்காமல் கையெழுத்து வைக்க மாட்டா. அவவின் மகன் கேட்காமலே ஊரைப் பதிந்து வைத்திருக்கிறேன்.

இத்தனைக்கும் அந்தத் துல்லியம் மழைக்குத் தேவையே இல்லை. மழையைக் கணிக்கும் ஐரோப்பிய வானிலை மையத்தின் கணினி மாதிரி நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்குப் போடும்; ஒரு கட்டம் ஏறத்தாழ 9 கிலோமீற்றர். இரணைமடுக் குளக்கட்டில் நிற்பவருக்கும் கொஞ்சம் தள்ளி வயலில் நிற்பவருக்கும் பெரும்பாலும் ஒரே கணக்குத்தான் வரும். அதனால் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கத்தோடு வெட்டிவிட்டேன். 11 கிலோமீற்றர் அளவு. அதுவும் போனுக்குள்ளேயே வெட்டிவிட்டுத்தான் அனுப்பும். என்னிடம் வந்தபின் வெட்டினால், முழுசும் ஒருமுறை என் கையில் வந்துவிட்டது என்றுதானே அர்த்தம். இடம் சொல்ல விரும்பாதவர்களுக்கு விசுவமடு, பரந்தன், ஒட்டுசுட்டான் என்று ஊர்ப்பெயர்களைப் போட்டேன். இப்போது அதைத்தான் கூடுதலானோர் அமத்துகிறார்கள்.

ஐபி முகவரியின் கடைசிப் பகுதியைப் பூச்சியமாக்கினேன். பழைய லாக் எல்லாம் அழித்தாயிற்று, புதியது ஏழு நாளில் தானாக அழியும். தமிழ் எழுத்துரு கூகுளின் சேர்வரிலிருந்து வந்துகொண்டிருந்தது. வருகிற ஒவ்வொருவரின் ஐபியும் அங்கே போயிருக்கும். எழுத்துருவை என் சேர்வரிலேயே வைத்துக்கொண்டேன். முன்னறிவிப்பையும் அதைத் தருபவர்களிடம் இப்போது என் சேர்வரே கேட்டு வாங்குகிறது, வந்தவரின் போன் அல்ல.

2019 ஜனவரியில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரச் சட்டத்தரணி ஒரு பெரிய வானிலைச் செயலியை நடத்தியவர்கள்மேல் வழக்குப் போட்டார். மழைக்கென்று வாங்கிய இடத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. நான் எதையும் விற்கவில்லை. ஆனாலும் விற்கக்கூடிய சாமான் என் கோப்பில் கிடந்தது.

அண்ணையிடம் போய் உள்ளதைச் சொன்னேன்: எழுதுப்பட்டுத்தான் இருந்தது, அழித்துவிட்டேன். "சொன்னியே, அது காணும்" என்றார்.

இன்னும் ஒரு வேலை கிடக்கிறது. 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்தபின், அடுத்தமுறை எச்சரிக்கை அனுப்பலாம் என்று வீடு வீடாகப் போய் வாங்கிய தொலைபேசி எண்கள் ஒரு கொப்பியில் இருக்கின்றன. வைத்திருக்கவோ, கிழிக்கவோ என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வெளிக்கிடுகிறேன்.